நோயாளியின் ரகசியம் யார் கையில்? மருத்துவரைக் கட்டும் விதி ஊழியரைக் கட்டவில்லை

புது தில்லி: நோயாளி தன்னிடம் சொன்னதை மருத்துவர் வெளியே சொல்லக் கூடாது என்பது மிகப் பழைய தொழில் நெறி. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ம் ஆண்டு வெளியிட்ட தொழில் நெறி விதிமுறைகளிலும் இது ஐயத்துக்கு இடமின்றிக் கூறப்பட்டுள்ளது. ஆனால், ஒரு சிறிய கிளினிக்கில் நோயாளியின் பெயரையும் நோயையும் அறிந்தவர் மருத்துவர் மட்டுமல்ல. பெயர் எழுதும் வரவேற்பாளர், மருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பவுண்டர், ஊசி போடும் நர்ஸ், ரத்த மாதிரியைப் பரிசோதனைக் கூடத்துக்கு எடுத்துச் செல்லும் பையன் என நான்கைந்து பேருக்கு அது தெரிந்துவிடுகிறது. அவர்களில் ஒருவர் அதை வெளியே சொன்னால் என்ன தண்டனை? நாடாளுமன்றம் பல ஆண்டுகளாக இயற்றியுள்ள சட்டங்களைப் புரட்டினால் இதற்கு ஒரே பதில் கிடைப்பதில்லை. சில நோய்களுக்கு ஒரு பதில், வேறு சில நோய்களுக்கு இன்னொரு பதில், பெரும்பாலான நோய்களுக்குப் பதிலே இல்லை என்பதுதான் நிலைமை.

இது வெறும் சட்டப் பிரச்சினை அல்ல. மும்பைத் தமிழர்களின் அன்றாட வாழ்க்கையோடு பின்னிப் பிணைந்தது. தாராவியில் இரண்டரை சதுர கிலோ மீட்டருக்கும் குறைவான பரப்பில் பல லட்சம் பேர் வாழ்கின்றனர். திருநெல்வேலி உள்ளிட்ட தமிழக மாவட்டங்களில் இருந்து தோல் பதனிடும் வேலைக்கும் பிற கூலி வேலைகளுக்கும் குடிபெயர்ந்தவர்களின் வழித்தோன்றல்கள் அங்கு ஏராளம். ஒரே சந்தில் குடியிருப்போர் ஒரே ஊர்க்காரர்களாகவும் உறவினர்களாகவும் இருப்பது அங்கு இயல்பு. கிளினிக்கில் வேலை பார்ப்பவரும் பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்தவர்தான். மராத்தியோ இந்தியோ சரளமாகப் பேச இயலாத தமிழ்ப் பெண், மருத்துவரிடம் தன் உபாதையைச் சொல்ல அந்த ஊழியரின் மொழிபெயர்ப்பை நம்ப வேண்டியுள்ளது. அங்கே கசியும் ஒரு செய்தி, சொந்த ஊரில் பெண் பார்க்கும் வீட்டுக்கோ, சம்பந்தி வீட்டுக்கோ போய்ச் சேர அதிக நாள் ஆகாது.

மாதுங்காவிலும் செம்பூரிலும் தமிழர்களின் நிலை சற்று மாறுபட்டது. அலுவலக வேலையில் உள்ள நடுத்தரக் குடும்பங்கள், மூன்று தலைமுறையாக ஒரே குடும்ப டாக்டரிடம் செல்கின்றன. செம்பூரைச் சுற்றி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலையும் உள்ளன. இத்தகைய நிறுவனங்களின் ஊழியர்களுக்கு நிர்வாகமே மருத்துவ வசதி செய்து தரும்போது, மருத்துவக் குறிப்பு நிர்வாகத்தின் மேஜைக்குப் போகுமா என்ற கேள்வி எழுகிறது. வசதி கூடக் குறைய இருந்தாலும், ரகசியம் வெளியானால் வேலை, திருமணம், வாடகை வீடு ஆகிய மூன்றும் ஆபத்துக்கு உள்ளாகின்றன என்பதில் வேறுபாடு இல்லை.

மாதுங்காவின் பழைய பாடம்

நோயை ஊரறியச் செய்வதால் விளையும் தீமைக்கு மும்பையில் நீண்ட வரலாறு உண்டு. மாநகராட்சி ஆணையராக இருந்த ஆக்வொர்த்தின் முயற்சியால் 1890-ல் மாதுங்காவில் தொழுநோயாளர் இல்லம் நிறுவப்பட்டது. பின்னர் ஆக்வொர்த் தொழுநோய் மருத்துவமனை எனப் பெயர் பெற்று, இன்று வடாலா பகுதியில் அடங்குகிறது. நோயாளிகளைப் பிடித்து அடைத்துவைக்க அதிகாரம் அளித்த தொழுநோயாளர் சட்டம் 1898-ல் வந்தது. அச் சட்டத்தை நாடாளுமன்றம் 2016-ல்தான் முறைப்படி ரத்து செய்தது. தொழுநோயை விவாகரத்துக்குக் காரணமாகக் காட்டும் பிரிவு திருமணச் சட்டங்களில் இருந்து நீக்கப்பட்டது 2019-ல். குணப்படுத்தக் கூடிய நோய் என்று மருத்துவம் சொல்லிப் பல பத்தாண்டுகள் ஆன பிறகும், நோயின் பெயர் வெளியானாலே இல்லறம் முறியும் என்ற நிலையைச் சட்டமே அதுவரை தாங்கி நின்றது.

அதே ஆக்வொர்த் வளாகத்தில்தான் மும்பை மாவட்ட எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் அலுவலகமும் செயல்படுவது குறிப்பிடத்தக்கது. ஒரு நூற்றாண்டில் தொழுநோய்க்கு இருந்த களங்கம் அடுத்த நூற்றாண்டில் எச்.ஐ.வி.க்கு வந்தது. மருத்துவ ரகசியம் பற்றிய இந்தியச் சட்டத்தின் பெரும் பகுதி இந்த நோயை ஒட்டியே உருவானது.

கோவாவில் ரத்த தானம் செய்து வந்த டொமினிக் டிசோசா, 1989 பிப்ரவரியில் போலீஸாரால் அழைத்துச் செல்லப்பட்டார். ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்ததால், பொதுச் சுகாதாரச் சட்டத்தின் கீழ் தனிமைப்படுத்தி வைக்கப்பட்டார். என்ன காரணம் என்று அவருக்குத் தெரிவதற்கு முன்பே அவருடைய நோய் அதிகாரிகளுக்கும் போலீஸாருக்கும் தெரிந்திருந்தது. வழக்கு மும்பை உயர் நீதிமன்றத்துக்குச் சென்றது. தனிமைப்படுத்தும் அதிகாரத்தை நீதிமன்றம் செல்லும் என்றே கூறியது. டிசோசா பின்னர் பாதிக்கப்பட்டோருக்கான அமைப்பைத் தொடங்கி, 1992-ல் காலமானார்.

தமிழகத்திலும் இதே காலத்தில் இதுவே நடந்தது. 1986-ல் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் சென்னையில் நடத்திய ஆய்வில்தான் நாட்டில் முதன்முறையாக எச்.ஐ.வி. தொற்று கண்டறியப்பட்டது. தொற்று இருப்பதாகத் தெரிந்த பெண்கள் அரசு இல்லங்களில் இருந்து வெளியே விடப்படாமல் நிறுத்திவைக்கப்பட்டனர். பொதுநல வழக்கின் மூலம் 1990-ல்தான் அவர்களுக்கு விடுதலை கிடைத்தது.

இரு நீதிமன்றங்கள், இரு பார்வைகள்

1990-களின் பிற்பகுதியில் இரண்டு வழக்குகள் இப் பிரச்சினையை நேரடியாகச் சந்தித்தன. முதலாவது மும்பை வழக்கு. பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் தாற்காலிகத் தொழிலாளியாக இருந்தவருக்கு, மருத்துவப் பரிசோதனையில் எச்.ஐ.வி. தெரியவந்ததால் வேலை மறுக்கப்பட்டது. வேலை செய்யும் உடல் தகுதி இருக்கும்போது தொற்றை மட்டும் காரணம் காட்டி வேலை மறுக்க முடியாது என 1997-ல் மும்பை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குத் தொடுத்தவர் தன் பெயரை மறைத்து எழுத்துகளால் மட்டும் குறிப்பிட்டுக்கொள்ளவும் அனுமதித்தது. நீதி கேட்டு வருபவர் அதற்கு விலையாகத் தன் ரகசியத்தை இழக்க வேண்டியதில்லை என்பது அன்று முதல் நிலைபெற்றது.

இரண்டாவது வழக்கு சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றியது. உறவினரின் அறுவைச் சிகிச்சைக்காக நாகாலாந்தில் இருந்து வந்த ஓர் அரசு மருத்துவர் ரத்தம் கொடுத்தார். பரிசோதனையில் தொற்று தெரிந்தது. செய்தி மருத்துவமனையில் இருந்து வெளியானதால், நிச்சயிக்கப்பட்ட திருமணம் நின்றதாகவும் ஊரில் இருக்க முடியாமல் போனதாகவும் அவர் இழப்பீடு கோரினார். 1998 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. மருத்துவர் ரகசியம் காக்கக் கடமைப்பட்டவர் என்பதை ஒப்புக்கொண்ட நீதிமன்றம், மணமகளாக வரவிருந்த பெண்ணின் நலவாழ்வு உரிமை அதைவிட மேலானது என்றது. திருமண உரிமையையே நிறுத்திவைக்கும் வகையில் அத் தீர்ப்பில் கூறப்பட்ட கருத்துகள் தேவையற்றவை என 2002 டிசம்பரில் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு தெளிவுபடுத்தியது.

இந்தத் தீர்ப்புகளில் ஒரு கேள்வி விடுபட்டுவிட்டது. ஆபத்தில் உள்ள ஒருவரை எச்சரிப்பது வேறு, ஊருக்கே தெரியவிடுவது வேறு. முன்னதை மருத்துவர் பொறுப்புடன் செய்யலாம். பின்னது எந்த மருத்துவரும் முடிவெடுத்துச் செய்வதல்ல. பெரும்பாலும் கவனக்குறைவாகவோ, வம்புப் பேச்சாகவோ ஊழியர்கள் வழியே நடப்பது. அந்த இரண்டாவது வகைக் கசிவுக்கு யார் பொறுப்பு என்பது அப்போது விவாதிக்கப்படவில்லை.

2017 சட்டம் தந்ததும் தராததும்

எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டு மசோதா 2014 பிப்ரவரியில் மாநிலங்களவையில் அறிமுகமானது. மூன்று ஆண்டுகள் காத்திருந்து, 2017 மார்ச்சில் மாநிலங்களவையிலும் ஏப்ரலில் மக்களவையிலும் நிறைவேறியது. 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்தது. இச் சட்டத்தின் 8-வது பிரிவு, நம்பிக்கையின் பேரில் அறிந்த பிறருடைய எச்.ஐ.வி. நிலையை "எந்த ஒரு நபரும்" வெளியிடக் கூடாது என்கிறது. மருத்துவர் என்று சொல்லாமல் நபர் என்று சொன்னதால், வரவேற்பாளரும் கம்பவுண்டரும் இதில் அடங்குகின்றனர். சிகிச்சையில் பங்கு பெறும் மற்றொருவருக்குத் தெரிவிப்பது, நீதிமன்ற உத்தரவு, பெயரில்லாப் புள்ளிவிவரம் போன்றவை மட்டும் விலக்கு. வாழ்க்கைத் துணைக்குத் தெரிவிப்பதற்கும் தனி நடைமுறை வகுக்கப்பட்டுள்ளது. அதை மருத்துவரோ ஆலோசகரோதான் செய்யலாம். 11-வது பிரிவு, பதிவேடுகளைப் பாதுகாக்கும் பொறுப்பை நிறுவனத்தின் மீது சுமத்துகிறது.

கடமை இவ்வளவு விரிவாக இருந்தும் தண்டனைப் பகுதி மெலிந்து காணப்படுகிறது. நோயாளிகளுக்கு எதிராக வெறுப்பைப் பரப்புவோருக்கு 3 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. நீதிமன்ற நடவடிக்கையில் தெரிந்துகொண்ட ரகசியத்தை வெளியிட்டால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனால் கிளினிக்கில் அறிந்ததை வெளியே சொன்ன ஊழியருக்கென்று தனித் தண்டனை வகுக்கப்படவில்லை. பாதிக்கப்பட்டவர் மாநில அரசு நியமிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் முறையிட வேண்டும். அவர் 30 நாள்களுக்குள் உத்தரவிட வேண்டும். அந்த உத்தரவை மீறினால்தான் 10,000 ரூபாய் வரை அபராதம்; தொடர்ந்து மீறினால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் வரை. புகார் அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும் என்ற விதியும் 20 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் மருத்துவ நிறுவனங்களுக்கே பொருந்தும். 90 அடி சாலையில் மருத்துவரும் இரு ஊழியர்களும் மட்டும் உள்ள கிளினிக் இதற்குள் வராது.

ஒரே குற்றம், இரு தண்டனை

கருக்கலைப்பு விஷயத்தில் முரண்பாடு இன்னும் வெளிப்படையானது. 2021-ல் திருத்தப்பட்ட கருக்கலைப்புச் சட்டத்தின்படி, கருக்கலைப்பு செய்துகொண்ட பெண்ணின் பெயரை வெளியிடும் பதிவு பெற்ற மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனை விதிக்கலாம். பிரிவின் வாசகம் பதிவு பெற்ற மருத்துவரையே குறிக்கிறது. ஊழியருக்கு இது பொருந்தாது. கருக்கலைப்புப் பதிவேடு ரகசிய ஆவணம் என்று ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. ஆனால் ஒழுங்குமுறையை வேண்டுமென்றே மீறும் எவருக்கும் 1971-ம் ஆண்டின் மூலச் சட்டம் விதித்த தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம்தான். ஒரே பெண்ணின் ஒரே ரகசியத்தை மருத்துவர் சொன்னால் சிறை, பதிவேட்டை எழுதியவர் சொன்னால் ஆயிரம் ரூபாய்.

18 வயதுக்கு உள்பட்ட சிறுமி கருவுற்று வந்தால், போக்சோ சட்டத்தின்படி போலீஸுக்குத் தகவல் தருவது கட்டாயம். இதற்கு அஞ்சியே பல குடும்பங்கள் மருத்துவரைத் தவிர்த்து ஆபத்தான வழிகளை நாடும் நிலையைக் கருத்தில் கொண்ட உச்ச நீதிமன்றம், சிறுமியோ பாதுகாவலரோ கேட்டுக்கொண்டால், தகவல் தரும்போது சிறுமியின் பெயரையும் அடையாளத்தையும் மருத்துவர் வெளியிட வேண்டியதில்லை என 2022 செப்டம்பரில் தீர்ப்பளித்தது. வரவேற்பு மேஜையில் முழுப் பெயரும் முகவரியும் எழுதப்பட்டு, அந்த நோட்டு எல்லோர் கண்ணிலும் படும்படி கிடந்தால் இத் தீர்ப்பினால் பயன் இல்லை.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-ன் 23-வது பிரிவு, மனநல சிகிச்சை பெறுவோரின் விவரங்களைக் காக்கும் கடமையைச் சிகிச்சை அளிக்கும் அனைத்து மருத்துவப் பணியாளர்கள் மீதும் சுமத்துகிறது. இங்கு வரையறை சற்று விரிவானது. ஆனாலும் தொழில் தகுதி எதுவும் பெறாத கம்பவுண்டரும் துப்புரவுப் பணியாளரும் வெளியே நிற்கின்றனர்.

இந்த மூன்று சட்டங்களுக்கும் அப்பாற்பட்ட சர்க்கரை நோய், வலிப்பு, குழந்தையின்மை, புற்றுநோய் போன்றவற்றுக்குத் தனிச் சட்டம் இல்லை. மருத்துவக் கவுன்சிலின் 2002 விதிமுறைகளே எஞ்சி நிற்கின்றன. தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட புதிய விதிமுறைகள் அதே மாதத்தில் நிறுத்திவைக்கப்பட்டதால், பழைய விதிமுறைகளே தொடர்ந்தன. அவை பதிவு பெற்ற மருத்துவரை மட்டுமே கட்டுப்படுத்தும். மருத்துவக் கவுன்சில் ஒரு கம்பவுண்டரை அழைத்து விசாரிக்க முடியாது.

சொல்லியே ஆக வேண்டியவை

எல்லாவற்றையும் மறைத்துவைப்பதும் சட்டம் அல்ல. காசநோய் 2012 முதல் அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். தனியார் மருத்துவர் தெரிவிக்கத் தவறினால் தண்டிக்கலாம் என 2018-ல் அரசிதழில் அறிவிக்கப்பட்டது. நெருக்கமான குடியிருப்புகளும் காற்றோட்டமில்லாத பட்டறைகளும் நிறைந்த தாராவியிலும், செம்பூரை அடுத்த கோவண்டியிலும் காசநோய் பெரும் சுமை. நோயாளியைக் கண்டறிந்து முழு சிகிச்சை அளிப்பது பொது நலனுக்கு இன்றியமையாதது.

ஆனால் அரசுக்குத் தெரிவிப்பதும் அண்டை வீட்டுக்குத் தெரிவிப்பதும் ஒன்றல்ல. காசநோயாளிகளின் சத்துணவுக்கு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டு, 2024 நவம்பரில் அது 1,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பணம் வங்கிக் கணக்குக்குச் செல்ல, நோயாளியின் பெயர் பல கைகளைக் கடக்கிறது. மாநகராட்சியின் ஆரோக்கிய சேவிகாக்கள் வீடு தேடிச் செல்கின்றனர். அப் பெண்களும் அதே குடிசைப் பகுதிகளைச் சேர்ந்தவர்கள்தான். அவர்கள் ஒரு வீட்டு வாசலில் அடிக்கடி நின்றாலே அக்கம்பக்கத்தார் காரணம் கேட்கத் தொடங்கிவிடுகின்றனர். மருமகளுக்குக் காசநோய் என்று தெரிந்தால் அவளைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடும் குடும்பங்கள் இருக்கும்வரை, நோயாளிகள் பெயரை மாற்றிச் சொல்வதும் பாதியில் சிகிச்சையை விடுவதும் தொடரும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய் பரவ இது வழிவகுக்கிறது. எனவே, ரகசியம் காப்பது பொதுச் சுகாதாரத்துக்கு எதிரானது என்ற வாதம் சரியல்ல. ரகசியம் காக்கப்படும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் நோயாளி மருத்துவரிடம் வருவார்.

கரோனா காலத்தில் இது மீண்டும் நிரூபணமானது. தாராவியில் 2020 ஏப்ரல் 1-ம் தேதி முதல் தொற்று பதிவானது. நாடெங்கும் நோயாளிகளின் பெயரும் முகவரியும் அடங்கிய பட்டியல்கள் செல்போன்களில் சுற்றின. நோயாளிகளின் பெயர்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்ற கோரிக்கையே வழக்காக மும்பை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நோயாளிகளின் வீட்டு வாசலில் சுவரொட்டி ஒட்டும் வழக்கத்துக்கு எதிரான வழக்கில், உரிய அதிகாரியின் குறிப்பான உத்தரவு இன்றி அவ்வாறு ஒட்டக் கூடாது என 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கூறியது.

செல்போன் கொண்டுவந்த சிக்கல்

முன்பு ஒரு ஊழியர் சொன்னால் ஒரு தெருவுக்குத் தெரியும். இப்போது ஒரு பரிசோதனை அறிக்கையின் படம் ஒரு நிமிஷத்தில் நூறு பேருக்குப் போகிறது. பல சிறிய கிளினிக்குகளில் ஊழியரின் சொந்த செல்போன்தான் அலுவலகக் கணினி. அறிக்கை வருவதும், மருத்துவருக்கு அனுப்பப்படுவதும், நோயாளிக்குத் திருப்பி அனுப்பப்படுவதும் அதில்தான். ஊழியர் வேலையை விட்டுச் செல்லும்போது அத்தனை அறிக்கைகளும் அவரோடு செல்கின்றன.

பெரிய நிறுவனங்களும் தப்பவில்லை. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் 2022 நவம்பரில் முடக்கப்பட்டபோது, பல நாள்கள் கையால் எழுதியே பணிகள் நடந்தன. குஜராத் மாநிலம் ராஜ்கோட்டில் உள்ள ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்பு கேமராப் பதிவுகள் 2025 பிப்ரவரியில் இணையத்தில் விற்பனைக்கு வந்தது நாட்டையே அதிர வைத்தது.

தனிமனித ரகசியம் அடிப்படை உரிமை என ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்த பிறகு, மத்திய சுகாதார அமைச்சகம் 2018-ல் மருத்துவத் தகவல் பாதுகாப்புக்கெனத் தனிச் சட்ட வரைவை வெளியிட்டது. கடுமையான மீறலுக்குச் சிறைத் தண்டனையும் அதில் முன்மொழியப்பட்டிருந்தது. அந்த வரைவு மசோதாவாக நாடாளுமன்றத்துக்கு வரவே இல்லை. எல்லாத் தகவலுக்கும் பொதுவான சட்டம் வருகிறது என்று காரணம் கூறப்பட்டது.

அப் பொதுச் சட்டம், மின்னணுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் என்ற பெயரில் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்தே நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது. தகவலைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம் என்பது இச் சட்டத்தின் பெரிதும் பேசப்பட்ட அம்சம். ஆனால் நோயாளியின் கோணத்தில் இதில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, சட்டம் மின்னணு வடிவில் உள்ள தகவலுக்கே பொருந்தும். கிளினிக்கின் நோட்டுப் புத்தகமும் வாய்ப் பேச்சும் இதில் வராது. இரண்டாவது, அபராதத் தொகை அரசுக் கருவூலத்துக்குச் செல்லும். பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு தர இச் சட்டத்தில் இடம் இல்லை. மூன்றாவது, பொறுப்பு நிறுவனத்தின் மீதே சுமத்தப்படுகிறது. சிறிய கிளினிக்கில் அது மருத்துவர் ஒருவரின் தலையில் விழும்.

எஞ்சியுள்ள ஒரு வழி

இன்றைய நிலையில் பாதிக்கப்பட்டவருக்குக் கைகொடுக்கக் கூடியது நுகர்வோர் சட்டம். நுகர்வோர் நம்பிக்கையின் பேரில் தந்த சொந்தத் தகவலைச் சட்ட அனுமதியின்றி மற்றவருக்கு வெளியிடுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் ஆண்டுச் சட்டம் வரையறுக்கிறது. மருத்துவ சேவை நுகர்வோர் சட்டத்தில் அடங்கும் என 1995-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புதிய சட்டத்தில் இருந்து மருத்துவர்களை விலக்க வேண்டும் என்று தொடரப்பட்ட வழக்கை மும்பை உயர் நீதிமன்றம் 2021-லும், மேல்முறையீட்டை உச்ச நீதிமன்றம் 2022 ஏப்ரலிலும் தள்ளுபடி செய்தன. ஊழியர் பணியின்போது செய்த தவறுக்கு அவரை வேலைக்கு வைத்தவர் பொறுப்பு என்ற பொதுவான சட்ட நெறியும் இங்கு துணை நிற்கிறது.

ஆனால் அதே 1995 தீர்ப்பின்படி, எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை அளிக்கும் அரசு மருத்துவமனைகள் நுகர்வோர் சட்டத்தில் அடங்கா. பெயரளவுக்குப் பதிவுக் கட்டணம் வாங்குவதால் இந்த நிலை மாறாது. மாதுங்காவில் பணம் கொடுத்துத் தனியார் மருத்துவரைப் பார்ப்பவர் நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்லலாம். மாநகராட்சியின் இலவச மருந்தகத்தை நம்பியிருக்கும் தாராவிக் கூலித் தொழிலாளிக்கு அந்த வாசலும் அடைபட்டிருக்கிறது. ரகசியம் வெளியானால் அதிகம் இழப்பவர் அவர்தான்.

மகாராஷ்டிரத்தில் படுக்கை வசதி உள்ள தனியார் மருத்துவமனைகளுக்கான விதிகளில் 2021-ல் நோயாளிகளின் உரிமைப் பட்டியல் சேர்க்கப்பட்டது. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த உரிமைப் பட்டியலும் ரகசியத்தை உரிமையாகக் குறிப்பிடுகிறது. படுக்கை இல்லாத ஆலோசனைக் கிளினிக்குகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அவற்றை இவ் விதிகள் எட்டுவதில்லை.

அமெரிக்காவில் 1996-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த விதிகள், மருத்துவமனையின் ஒவ்வொரு ஊழியருக்கும் ரகசியக் காப்பு பற்றிப் பயிற்சி அளிப்பதையும், மீறுவோர் மீது நடவடிக்கை எடுப்பதையும் கட்டாயமாக்கின. பிரபலங்களின் மருத்துவக் குறிப்புகளை ஊழியர்கள் வேடிக்கை பார்த்ததற்காக, லாஸ் ஏஞ்சலீஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவ அமைப்பு 2011-ல் 8,65,500 டாலர் செலுத்த நேர்ந்தது. வெளியே சொல்வது மட்டுமல்ல, வேலைக்குத் தேவையில்லாமல் பார்ப்பதே தவறு என்பது அங்கு நிலைநாட்டப்பட்டது.

செய்யக் கூடியவை

இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. வேலைக்குச் சேரும்போதே ரகசியக் காப்பு உறுதிமொழியில் கையெழுத்துப் பெறுவது, அந்தக் கடமை வேலையை விட்ட பிறகும் தொடரும் என்று அதில் எழுதுவது, நோயின் பெயரைச் சொல்லி அழைக்காமல் டோக்கன் எண்ணால் அழைப்பது, பதிவேட்டை மூடிவைப்பது, அறிக்கைகளைச் சொந்த செல்போனில் வைத்திருக்கத் தடை விதிப்பது ஆகியவை பத்துக்குப் பத்தடி கிளினிக்கிலும் இயலும். போலீஸாரோ, காப்பீட்டு நிறுவனமோ, உறவினரோ விவரம் கேட்டால், ஊழியர் தாமே பதில் சொல்லாமல் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். அரசின் எச்.ஐ.வி. பரிசோதனை மையங்களில் நோயாளிகளை அடையாள எண்ணால் குறிக்கும் முறை பல ஆண்டுகளாக நடைமுறையில் உள்ளது. மற்ற நோய்களுக்கு அது முடியாது என்று கூற இயலாது.

சட்டத்தைப் பொருத்தவரை, நாடாளுமன்றம் செய்ய வேண்டியதும் அதிகம் இல்லை. கருக்கலைப்புச் சட்டத்தின் ரகசியப் பிரிவில் "பதிவு பெற்ற மருத்துவர்" என்பதோடு அவரிடம் பணிபுரிவோரையும் சேர்ப்பது, எச்.ஐ.வி. சட்டத்தின் 8-வது பிரிவை மீறுவோருக்கு நேரடித் தண்டனையும் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடும் வகுப்பது, இலவச மருத்துவமனை நோயாளியும் முறையிட ஓர் அமைப்பை ஏற்படுத்துவது ஆகிய மூன்று திருத்தங்கள் பெரும்பாலான ஓட்டைகளை அடைத்துவிடும். பொதுச் சுகாதாரமும் மருத்துவமனைகளும் மாநிலப் பட்டியலில் இருப்பதால், படுக்கை இல்லாத கிளினிக்குகளை விதிகளுக்குள் கொண்டுவரும் பொறுப்பு மகாராஷ்டிரம், தமிழகம் உள்ளிட்ட மாநில அரசுகளைச் சார்ந்தது.

மாதம் சில ஆயிரம் ரூபாய் சம்பளத்துக்கு, நியமன உத்தரவோ பயிற்சியோ இன்றி வேலை பார்க்கும் கிளினிக் ஊழியரைச் சிறைக்கு அனுப்புவது மட்டுமே தீர்வாகாது. எதைச் சொல்லக் கூடாது என்று அவருக்கு முதலில் யாராவது சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கடமையை மருத்துவர் மீதும் மருத்துவமனை மீதும் எழுத்து மூலம் சுமத்திய பிறகே தண்டனை பற்றிப் பேசுவது நியாயமாக இருக்கும்.